பெங்களூரு ஞாயிறு பஜார்: கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பிப் போகத் தகுமா?

கைக்கருவிக்கும் பித்தளைச் சாமானுக்கும் தாராளமாகப் போகலாம். செல்போனுக்கும் ஷூவுக்கும் போக வேண்டாம். சிக்பேட்டை பி.வி.கே. ஐயங்கார் சாலையில் கூடும் பழைய பொருள் சந்தையைப் பற்றி நம் பக்கத்து லேத் பட்டறைக்காரர்களும் ஒயரிங் வேலை செய்பவர்களும் கேட்டால் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

மற்ற நாட்களில் அது எலெக்ட்ரிக்கல் கடைத்தெரு. ஞாயிறன்று ஷட்டர்கள் மூடியிருக்க, அந்த வாசல்களிலேயே தார்ப்பாய் விரித்துச் சரக்கைக் கொட்டுகிறார்கள். விடியற்காலையிலேயே வியாபாரம் சூடு பிடித்துவிடும். தேறுகிற சாமானை மறுவிற்பனைக்காரர்கள் முதலிலேயே பொறுக்கிவிடுவார்கள். வெயில் ஏறிய பிறகு கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கவே இடம் இருக்காது.

கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கி.மீ. பொம்மசந்திராவில் இறங்கி, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழி மெட்ரோவில் ஆர்.வி. ரோடு போய், பச்சை வழிக்கு மாறினால் சிக்பேட்டை நிலையம். ஆனால் ஞாயிறன்று மெட்ரோ காலை 7 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். கருவி வாங்க வருபவர்கள் நாலு மணி பஸ்ஸைப் பிடித்து நேராக ஊருக்குள் இறங்குவதே சரி. தர்மபுரிக்காரர்கள் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

பையில் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், சின்னக் காந்தம், 50, 100 ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும்.

டிரில், கிரைண்டரை ஓட்டிப் பார்க்கத் தெருவில் கரண்ட் இருக்காது. அதனால் சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி பிளக்கின் இரண்டு கரண்ட் பின்களுக்கு நடுவே ஓம் அளவு பாருங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் சுற்று அறுபடவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் வயர், சுவிட்ச், கார்பன் பிரஷ், காயில் நான்கில் ஒன்று போயிருக்கிறது. பிரஷ் என்றால் கவலையில்லை, மலிவாக மாற்றிவிடலாம். அடுத்து அந்தக் கரண்ட் பின்களில் ஒன்றுக்கும் உலோக பாடிக்கும் நடுவே பாருங்கள். அங்கே அளவு காட்டினால் ஷாக் அடிக்கும், வைத்துவிட்டு நகருங்கள். காற்றுத் துளை வழியாக கம்யூட்டேட்டரை, அதாவது கார்பன் பிரஷ் உரசும் செப்புப் பட்டை உருளையைப் பாருங்கள். சீரான பழுப்பு நிறம் நல்லது. ஓரிரு பட்டைகள் மட்டும் கருகியிருந்தால் ஆர்மேச்சர் (சுழலும் காயில் பகுதி) போய்விட்டது, அதைக் கட்டும் செலவில் புதிதே வாங்கலாம். டிரில்லில் பிட் மாட்டும் ‘சக்’ பகுதியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் பேரிங் தேய்மானம் தெரிந்துவிடும்.

அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரின் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் தேய்ந்தது. அதன் இரண்டு அளவுகோல்களின் பூஜ்யங்களும் நேராக நிற்க வேண்டும். ஸ்பானரில் துரு இருந்தால் பரவாயில்லை, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். வாய் அகன்றிருந்தால் வேண்டாம், நட்டின் முனையை மழுக்கிவிடும்.

பித்தளை என்று சொல்லித் தருவதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. நல்ல பித்தளையிலும் சமைக்கும் முன் வெள்ளீயம் பூச வேண்டும், இல்லாவிட்டால் புளிக்குழம்பு களிம்பேறும். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ காசு வேண்டவே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை.

நெடுநாள் கிடந்த ஷூவின் பாலியூரிதேன் அடிப்பாகம் ஈரக் காற்றில் சிதைந்து, நாலு நாள் நடந்ததும் உதிர்ந்துவிடும். போன் விஷயம் அதைவிட மோசம். பில் இருக்காது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் *#06# அழுத்தி வரும் எண்ணை, கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து அதன் பின்னே சேர்த்து, 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது என்று பதில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் குற்றம்.

விலை கேட்க ‘எஷ்டு’ (கன்னடத்தில் ‘எவ்வளவு’) போதும். தக்னி உருது, கன்னடம், தமிழ் மூன்றும் அங்கே செல்லும். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேசத் தொடங்குங்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டப் போச்சம்பள்ளி சந்தையில் சரக்கு சரியில்லை என்றால் அடுத்த ஞாயிறு அதே ஆளைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே அடுத்த வாரம் அதே வாசலில் வேறொருவர் விரித்திருப்பார், அதனால் பரிசோதனை முடியும் வரை பணத்தை எடுக்காதீர்கள். கனமான சாமான் வாங்குவதாக இருந்தால் கோணிப்பையும் கயிறும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள்.