நூறு சதவீதத்தில் கிளம்பினால் நிற்காத வண்டி

மன்னார்குடியிலிருந்து மச்சான் போன் செய்தான். "ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா வண்டி தானா நின்னுடுமாமே அத்தான், நெசமா?" மின்சாரக் கார் வாங்கும் யோசனையில் இருக்கிறான். மூன்று வருடத்தில் 42,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ரேஞ்ச், விலை எல்லாம் ஊருக்கே தெரியும். எனக்குப் பேச இருப்பது அந்த ஒற்றை பெடல் சமாச்சாரம் மட்டும்தான்.

தினமும் திருவையாறு டு தஞ்சாவூர். அந்தப் பதிமூன்று கிலோமீட்டருக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறு. இடையில் வேகத்தடை, ஆட்டுக்கூட்டம், டவுன் பஸ். அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். பழைய டீசல் வண்டியில் கிளட்சை மிதித்து மிதித்தே இடது முட்டி போய்விட்டது. இதில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டால் வேகம் தணிகிறது, முழுக்க விட்டால் நின்றேவிடுகிறது. சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்துவிட்டால் மிதி கனக்குமே, அதே கதைதான். இங்கே மோட்டாரே டைனமோ ஆகி, வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. இதற்குப் பெயர்தான் ரீஜென். முட்டிவலிக்கு இதைவிட நல்ல தைலம் நான் பார்க்கவில்லை.

ஆனால் இதனால் சும்மா சார்ஜ் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றரை டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் சக்தியே சுமார் 58 வாட் அவர்தான். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் திரும்பி வந்தாலும் இருநூறு மீட்டர் ஓடலாம். கொடைக்கானலிலிருந்து இறங்குகிறவருக்கு லாபம். நமக்கு மேடு என்றால் ஆற்றுப் பாலம்தானே!

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். நிறைந்த குடத்தில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? பேட்டரி 100 சதவீதம் இருந்தால் ரீஜென் வேலை செய்யாது, அல்லது பேருக்கு வேலை செய்யும். நியாயம்தான். ஆனால் மூன்று வருடம் பழகிய காலுக்கு அந்த நியாயம் தெரியுமா? இந்தப் பொங்கலுக்கு மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை, சார்ஜில் போட்டது போட்டபடி கிடந்தது. நாலாம் நாள் விடிகாலை, பனி. காவிரிப் பாலம் இறங்கும்போது காலை எடுத்தேன். வண்டி பாட்டுக்குப் போகிறது! முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பின்விளக்கே இல்லை. பதறி பிரேக்கை மிதித்தால் கரகரவென்று ஒரு சத்தம். ஒரு முழம் இடைவெளியில் நின்றது. ரீஜென் குறைந்திருப்பதைச் சொல்லத்தான் டிஸ்பிளே ஓரத்தில் கடுகளவு ஒரு குறி இருக்கிறதாம். சர்வீஸில் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.

அந்தக் கரகர தனிக்கதை. பிரேக்குக்கு வேலையே இல்லாததால் டிஸ்க் துருப்பிடித்து, பிரேக் பேட் நகர உதவும் காலிப்பர் பின்னும் இறுகிப்போயிருந்தது. பிரேக் பேட் இன்னும் முதலில் வந்ததுதான், தேயவே இல்லை என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கழற்றிச் சுத்தம் செய்ய 2,800 ரூபாய். அடிக்கடி நாலு தடவை அழுத்தி பிரேக் பிடியுங்கள், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள் என்றார்கள். இதை வண்டியைக் கொடுக்கும்போதே சொன்னால் என்னவாம்? சில வண்டிகளில் ரீஜென் குறைந்தால் சாதாரண பிரேக் தானாகச் சேர்ந்துகொள்ளும். நிசான் லீஃபின் இ-பெடல் அப்படித்தான். என் வண்டியில் அது இல்லை.

இப்போது தினமும் 80-தான். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று தூரம் போகும் நாளில் மட்டும் முழுசாக ஏற்றுகிறேன். அன்று முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு வலது கால் பிரேக் பக்கத்திலேயே காவல் இருக்கும். மற்ற நாளில் தம்பியின் பெட்ரோல் காரை ஓட்டச் சொன்னால் எனக்குக் கைகால் ஓடாது.

மச்சானிடம், "வேண்டாம்டா, பெட்ரோல் வண்டியே வாங்கு" என்றுதான் சொன்னேன். அன்று காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பியிருந்தேன்.