பத்திரக் கடை வாடகை ஒப்பந்தப் படிவம்: இரண்டு வரியை அடித்துவிட்டு வாங்குங்கள்

முத்திரைத்தாள் விற்கும் கடைகளிலும் கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைகளிலும் கிடைக்கும் 11 மாத வாடகை ஒப்பந்தப் படிவம் அவசரத்துக்கு உதவும். வாடகை, அட்வான்ஸ், வெள்ளையடிக்கும் செலவு, சாட்சிக் கையெழுத்து என எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. பணக்கணக்கைப் பொறுத்தவரை நல்ல படிவம்தான்.

கெடுப்பவை இரண்டு ஷரத்துகள், அதாவது நிபந்தனைகள். உரிமையாளர் எந்நேரமும் உள்ளே வந்து பார்வையிடலாம் என்பது ஒன்று. வாடகை தவறினால் அவரே பூட்டை உடைத்து வீட்டைச் சுவாதீனம் (கைவசம்) எடுக்கலாம் என்பது மற்றொன்று. 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. பல படிவங்கள் இன்னும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இப்போதைய சட்டப்படி உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்கவேண்டும்; நேரம் காலை 7 முதல் இரவு 8-க்குள். ராத்திரி 9 மணிக்குச் சொல்லிவிட்டு மறுநாள் காலை 10-க்கு வந்து நின்றால் 13 மணி நேரம்தான் ஆகிறது. அது செல்லாது.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிய பிறகும், வழக்கு நடக்கும்போதும் இதே விதிதான். சாவி குடியிருப்பவர் கையில் இருக்கும்வரை சுவாதீனம் அவருடையது. பழுது பார்க்கவும், வீட்டின் நிலையைப் பார்க்கவும் உரிமையாளர் வரலாம். புதிதாக வாடகைக்கு வருபவரையோ வாங்க வருபவரையோ கூட்டிவந்து காட்டவேண்டும் என்றால், அந்தக் காரணம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கவேண்டும். கடைப் படிவத்தில் அது இல்லை; பெரும்பாலான சண்டை இங்கேதான் மூளுகிறது. ‘காலி செய்யும் நோட்டீஸ் காலத்தில், 24 மணி நேர எழுத்து அறிவிப்புடன், வாரம் இரண்டு முறைக்கு மேற்படாமல் வீட்டைக் காட்டலாம்’ என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் வெடிப்பு, தீ, கேஸ் கசிவு போன்ற அவசரத்துக்குத் தனி வரி போடுங்கள்.

குடியிருப்பவர் கதவைத் திறக்காவிட்டால் மாற்றுச் சாவி போட்டு நுழையாதீர்கள். நோட்டீஸ் நகலையும் மறுத்த நேரத்தையும் குறித்துவைத்து, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். வீட்டைச் சேதப்படுத்துகிறார் என்ற சந்தேகம் இருந்தால், காலி செய்யும் வழக்கு நடக்கும் வாடகை நீதிமன்றத்திலேயே, நேரில் பார்த்து அறிக்கை தரும் ஆணையர் வைத்துப் பார்வையிடக் கேட்கலாம். உரிமையாளர் தண்ணீர், கரண்டை நிறுத்தினால் குடியிருப்பவரும் வாடகை அதிகாரியிடம் போகலாம். பூட்டை உடைத்து வெளியேற்றினாலோ, 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு சுவாதீனத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. அந்த வழக்கில் வாடகை பாக்கி என்பது உரிமையாளருக்கு ஒரு பதிலே ஆகாது. ஜெயிக்கவேண்டிய வழக்கைப் பூட்டில் கை வைத்துக் கெடுத்துக்கொள்வது பெரிய வேதனை. உத்தரவு கிடைத்தபின் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து எடுத்துத் தருவதுதான் முறையான சுவாதீனம்.

11 மாதம் என்று போட்டுவிட்டால் பதிவே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்வதையும் நம்பவேண்டாம். எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும், இணையத்திலேயே செய்யலாம்.

அந்த இரண்டு ஷரத்தையும் அடித்து, அடித்த இடத்தில் இருவரும் கையெழுத்திட்டு, மேலே சொன்ன வரிகளைச் சேர்த்தால் படிவம் தேறும். அப்படியே நிரப்பிக் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் வாங்கவேண்டாம்.