இழுதிறன் இருந்தது, ஏற்றுதிறன் இல்லை: குதிரை டிரெய்லருடன் ஒன்பது ஆண்டுகள்

இரண்டு குதிரைகள் அருகருகே நிற்கக்கூடிய டிரெய்லர் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் அதை நடுத்தர அளவுள்ள எஸ்யூவி ஒன்று இழுத்தது. அதன்பின் இன்றுவரை பிக்கப் ஒன்று இழுக்கிறது. முதல் வாகனத்தை ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நான் செய்த தவறு எண்களைப் பார்க்காததால் வந்ததன்று, ஓர் எண்ணை மட்டும் பார்த்ததால் வந்தது.

அந்த எஸ்யூவியின் இழுதிறன் 2,800 கிலோ. டிரெய்லரின் காலி எடை 1,250 கிலோ என்றும், சுமையோடு சேர்த்து அது 2,700 கிலோவைத் தாண்டக்கூடாது என்றும் அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. 2,700 என்பது 2,800க்குள் அடங்குவதால் இரண்டும் பொருந்தும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் மேடு ஏறும்போது ஸ்டீயரிங் லேசாகிவிடுவதும், இரவில் முகப்பு விளக்கின் ஒளி மரக்கிளைகளின் மேல் விழுவதும், லாரி கடந்து செல்லும்போதெல்லாம் டிரெய்லரின் பின்பகுதி ஒருமுறை அலைந்து அடங்குவதும் மூன்று ஆண்டுகளும் தொடர்ந்தன. குதிரைகள் இறங்கும்போது வியர்த்திருந்ததைப் பயணக் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். வாங்கிய பிறகு நான் பொருத்திய ரப்பர் விரிப்புகளும் சேண அலமாரியும் சேர்ந்து காலி டிரெய்லரே 1,390 கிலோ இருந்தது. குதிரைகளின் எடையையும் கண்ணால் பார்த்துக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தேன். எடைமேடை கிடைக்காதவர்கள் அளவுநாடாவைக் கொண்டே ஓரளவு சரியாகக் கணக்கிடலாம்: முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைத் தன்னால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். 185 சென்டிமீட்டர் சுற்றளவும் 165 சென்டிமீட்டர் நீளமும் உள்ள என் சிறிய குதிரை 475 கிலோ; அதை 420 என்றே நான் நம்பியிருந்தேன். பெரியது 540. இவற்றோடு 80 லிட்டர் தண்ணீர் அப்படியே 80 கிலோ, உலர்புல் 45, தீவனம் 20, சேணங்களும் கடிவாளங்களும் 50 என்று கூட்டியபோது 2,600 கிலோ வந்தது. அப்போதும் வரம்பு மீறப்படவில்லை. மீறியது வேறோர் எண்.

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களின் மேல் நிற்பதில்லை. ஒரு பகுதி கொக்கியின் வழியாக இழுக்கும் வாகனத்தின் பின்புறத்தில் இறங்குகிறது. பம்பருக்குக் கீழே பந்துக் கொக்கியில் மாட்டும் இத்தகைய டிரெய்லர்களுக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருப்பது பொதுவான நடைமுறை. அதை அளக்கக் குதிரைகளோடு டிரெய்லரைக் கழற்றி நிறுத்தவே கூடாது. ஆட்களும் சாமான்களும் ஏறிய வாகனத்தை முதலில் தனியாக நிறுத்தும்போது ஓர் எடையும், பிறகு டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்குமாறு நிறுத்தும்போது இன்னோர் எடையும் கிடைக்கும்; இரண்டுக்குமுள்ள வேறுபாடே கொக்கி எடை. எங்களுக்கு அது 310 கிலோ. எஸ்யூவி தன் மேல் ஏற்றிக்கொள்ளக்கூடியதோ, அதாவது அதன் ஏற்றுதிறனோ, 520 கிலோ மட்டுமே, அதில் நான்கு பேர் 280, பெட்டிகளும் கருவிகளும் 70, கொக்கி அமைப்பு 20 என 370 கிலோ ஏற்கெனவே போய்விட்டது. மீதம் 150 கிலோவுக்கு இடமிருந்த வாகனத்தின் மேல் நான் மூன்று ஆண்டுகளாக 310 கிலோவை இறக்கியிருக்கிறேன். மேலும் அந்தச் சுமை பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் நெம்புகோல் போலச் செயல்பட்டு, பின் அச்சை அழுத்தி முன் அச்சைத் தூக்குகிறது. ஸ்டீயரிங் லேசானதும் விளக்கு மேலே பார்த்ததும் அதனால்தான். சுமையைப் பகிர்ந்தளிக்கும் கம்பிகள் கொண்ட கொக்கி முன் அச்சுக்குக் கொஞ்சம் எடையைத் திருப்பித் தரும். ஆனால் எந்த வரம்பையும் அது உயர்த்துவதில்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பின்னுக்குத் தள்ளிக் கொக்கி எடையைக் குறைத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அது ஆபத்து. கொக்கி எடை குறையக் குறைய டிரெய்லர் எளிதில் அலைய ஆரம்பிக்கும், உயரமான ஈர்ப்பு மையம் கொண்ட, நின்ற இடத்திலேயே கால் மாற்றி நிற்கும் உயிர்ச்சுமை உள்ளே இருக்கும்போது அது இன்னும் மோசமாகும். அப்படி அலைந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் மின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். வாகனத்தின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஒரே குதிரையை ஏற்றும்போது அதைச் சாலையின் நடுப்பக்கமாகவே நிறுத்துகிறேன்.

இப்போதுள்ள பிக்கப்பின் ஏற்றுதிறன் 850 கிலோ, இழுதிறன் 3,400. முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரமும் அதிகம். முதல் பயணத்திலேயே வேறுபாடு தெரிந்தது: குதிரைகள் உடலை இறுக்கிக்கொள்ளாமல் நின்றன, உலர்ந்த உடலோடு இறங்கின, வந்தவுடன் தண்ணீர் குடித்தன. எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை. டிரெய்லர் இல்லாத நாட்களில் பிக்கப் கடினமாகக் குலுங்குகிறது, எரிபொருளும் கூடுதலாகிறது, அவற்றை ஏற்றுக்கொண்டேன். இறக்கத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குவதை மட்டும் மறப்பதில்லை. டயர்களை, அவற்றின் மேற்புற வரிப்பள்ளங்கள் தேயாவிட்டாலும், ஐந்தாம் ஆண்டிலேயே மாற்றிவிட்டேன்.

ஏழாம் ஆண்டில் சிறுநீரில் ஊறி உளுத்த தரைப் பலகைகளை மாற்றி, கனமானவற்றைப் போட்டபின் காலி எடை 1,435 ஆகிவிட்டது. இந்த ஆண்டு 620 கிலோ எடையுள்ள பெண் குதிரை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அவளையும் 540 கிலோ குதிரையையும் வழக்கமான சாமான்களோடு ஏற்றினால் 2,790 கிலோ. பிக்கப் எளிதாக இழுக்கும், ஆனால் டிரெய்லரின் சொந்த வரம்பு 2,700தான். எனவே அவள் சிறிய குதிரையோடு மட்டுமே பயணம் செய்கிறாள், அப்போதும் தண்ணீர்த் தொட்டி காலியாகவே கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பப்படுகிறது.