காசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்: அணி மெனு எதற்கு நல்லது, எங்கே கைவிடும்

நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க இந்தக் கால்குலேட்டரில் இரண்டு வழிகள் உண்டு: 4-ஆம் எண்ணில் உள்ள அணி (மேட்ரிக்ஸ், எண்களை நிரை நிரலாக அடுக்கிய கட்டம்) மெனு, ‘ஏ’ எழுத்தில் உள்ள சமன்பாடு மெனு. இரண்டுமே நான்கு மாறிகள் வரை போகும். ஒரே ஒரு கணக்கைத் தீர்த்தால் போதும் என்றால் சமன்பாடு மெனுவே சிறந்தது. கெழுக்கள் (மாறிகளைப் பெருக்கும் எண்கள்) மாறாமல், சமக்குறிக்கு வலப்பக்கம் உள்ள எண்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் அணி மெனுவை அடிக்க ஆளில்லை.

முதலில் அணி வழி. x + 2y + z = 3, 2x − y + 3z = 14, 3x + y − z = 2 என்ற சமன்பாடுகளை எடுத்துக்கொள்வோம். மெனு, 4 அழுத்தி ‘மேட் ஏ’யைத் தேர்ந்து, 3 நிரை (கிடை வரிசை), 3 நிரல் (செங்குத்து வரிசை) கொடுங்கள். 1, 2, 1. 2, −1, 3. 3, 1, −1 என்று நிரை நிரையாக, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் சமக்குறி தட்டி உள்ளிடுங்கள். ஒரு சமன்பாட்டில் ஏதேனும் மாறி இல்லையென்றால் அந்த இடத்தில் 0 இருக்க வேண்டும். 1/3 போன்ற கெழுவை 1÷3 என்றே தட்டுங்கள், 0.333 என்று சுருக்காதீர்கள். ‘ஏசி’ அழுத்திவிட்டு, ‘ஓபிடிஎன்’ (OPTN) பொத்தான், 1 வழியாக ‘மேட் பி’யை 3 நிரை, 1 நிரலாக அமைத்து 3, 14, 2 கொடுங்கள். மறுபடி ‘ஏசி’. இப்போது ‘ஓபிடிஎன்’ 3, நேர்மாறுப் பொத்தான் (⁻¹), பெருக்கல், ‘ஓபிடிஎன்’ 4, சமக்குறி. விடை 2, −1, 3.

பெருக்கும் வரிசையை மாற்றி ‘பி’யை முன்னால் போட்டால் ‘டைமன்ஷன் எரர்’ வரும். அது நல்லதுதான், உடனே தெரிந்துவிடும். ஆபத்து வேறொன்று: வலப்பக்கத்தை 1 நிரை, 3 நிரலாக உள்ளிட்டுவிட்டு, பிழைச் செய்தி வருகிறதே என்று வரிசையை மாற்றுவது. அப்போது கருவி மறுக்காமல் மூன்று எண்களைத் தரும். அவை நிரை நிரல் மாற்று அணிக்கான தீர்வுகள், உங்கள் கணக்குக்கானவை அல்ல. அதனால் விடை வந்ததும் ‘மேட் ஏ’யை ‘மேட் ஆன்ஸ்’ஸால் (கடைசியாக வந்த விடை அணி) பெருக்கி, 3, 14, 2 திரும்பி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அணி மெனுவின் பெரிய குறை, அணிக்கோவை (டிடர்மினன்ட், அணியிலிருந்து கணக்கிடும் ஓர் எண்; அது பூச்சியமானால் அணிக்கு நேர்மாறு இல்லை) பூச்சியமாகும்போது தெரியும். மேற்கண்ட கெழுக்களுக்கு அணிக்கோவை 25. மூன்றாம் நிரையை 3, 1, 4 என்று மாற்றுங்கள். அது முதல் இரண்டு நிரைகளின் கூடுதல், ஆகவே அணிக்கோவை 0. வலப்பக்கம் 3, 14, 17 என்றால் எண்ணற்ற தீர்வுகள். 3, 14, 16 என்றால் தீர்வே இல்லை. அணி மெனு இரண்டுக்கும் ‘மேத் எரர்’ என்ற ஒரே பதிலைத்தான் சொல்லும். சமன்பாடு மெனுவோ எது எண்ணற்றது, எது தீர்வற்றது என்று பிரித்துச் சொல்கிறது. விரிவுபடுத்தப்பட்ட அணியை (கெழுக்களோடு வலப்பக்கத்தையும் சேர்த்தது) ஏறுபடி வடிவுக்கு, அதாவது மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிய படிக்கட்டு வடிவுக்கு, மாற்றும் வசதி மட்டும் இருந்திருந்தால் தரத்தை (பூச்சியமாகாத நிரைகளின் எண்ணிக்கை) பார்த்து நாமே முடிவு செய்துகொள்ளலாம். அது இல்லாதது உண்மையிலேயே வருத்தம். மூன்று மாறிகளுக்கு இரண்டே சமன்பாடுகள் என்றாலும் கையால்தான் நீக்க வேண்டும்.

பலம் என்ன? ‘மேட் பி’க்கு நான்கு நிரல்கள் வரை கொடுக்கலாம். ஒரே கெழுக்களுக்கு நான்கு வலப்பக்கங்களை ஒரே தட்டலில் தீர்த்துத் தரும். சமன்பாடு மெனுவில் இதே வேலைக்கு வலப்பக்கத்தைத் திருத்தித் திருத்தி நான்கு முறை ஓட்ட வேண்டும்.

கருவி எச்சரிக்காத ஒன்றும் உண்டு. இரண்டு மாறிகளில், முதல் நிரை 1, 1, இரண்டாம் நிரை 1, 1.0001 என்ற கெழுக்களுக்கு வலப்பக்கம் 2, 2.0001 என்றால் தீர்வு 1, 1. வலப்பக்கத்தின் இரண்டாம் எண்ணை 2.0002 ஆக்கினால் தீர்வு 0, 2 என்று தாவிவிடுகிறது. பெருக்கிச் சரிபார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும், எனவே அந்தச் சோதனை இங்கே உதவாது. அணிக்கோவை சிறியதா என்று பார்ப்பதும் நம்பத்தக்கதல்ல. இதே கெழுக்களை 10000-ஆல் பெருக்கினால் அணிக்கோவை 0.0001-இலிருந்து 10000 ஆகிவிடும், சிக்கல் அப்படியே இருக்கும். அளந்து எடுத்த எண்கள் என்றால் ‘மேட் பி’யின் முதல் நிரலில் அளந்த மதிப்பையும், அடுத்த நிரல்களில் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டியும் குறைத்தும் வைத்துத் தீர்த்துப் பாருங்கள். மூன்று விடைகளும் அருகருகே நின்றால் எடுத்துக்கொள்ளலாம். சிதறினால் இன்னும் துல்லியமாக அளந்து வர வேண்டும்.