புளூகிராஸ் கற்க எது நல்லது: தனி வகுப்பா, ஜாமா, பயிற்சியாளர் இருக்கும் குழுவா?

புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையை வாசிக்க மாண்டலின் வாங்கி மூன்று ஆண்டுகள் தனி வகுப்புக்குப் போனேன். அதில் கடைசி ஒன்றரை ஆண்டு ஞாயிற்றுக்கிழமை ஜாம்களுக்கும், அதாவது பலர் கூடி ஒத்திகையில்லாமல் வாசிக்கும் வட்டங்களுக்கும், போனேன். போன குளிர்காலத்தில்தான் பயிற்சியாளர் ஒருவர் நடத்தும் அமெச்சூர் புளூகிராஸ் குழுவில் சேர்ந்தேன். பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், முடிவில் ஒரு சிறிய மேடை. முடிந்த வாரமே அடுத்த சுற்றுக்கும் பணம் கட்டிவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலிருந்தே தெரியும்.

மாண்டலின் என்றதும் நமக்கெல்லாம் ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அவர் கையில் இருந்தது ஐந்து தந்தி மின் மாண்டலின். புளூகிராஸில் மின்சாரம் இல்லாத எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி. அதைவிடப் பெரிய வித்தியாசம், பாட்டின் பெரும்பகுதியில் மாண்டலின்காரர் மெட்டு வாசிப்பதில்லை, தாளம் போடுகிறார்.

கென்டக்கிக்காரரான மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் குழுவில் 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் மீட்டும் தன் பாஞ்சோவோடு (தோல் கட்டிய வட்ட உடல் கொண்ட தந்தி வாத்தியம்) சேர்ந்தபோது இந்த இசையின் உருவம் அமைந்தது: மாண்டலின், பாஞ்சோ, ஃபிடில் (வயலின்தான்), கிட்டார், நின்று வாசிக்கும் பெரிய பாஸ். டிரம் கிடையாது. நான்கு எண்ணிக்கைப் பாட்டில் 1, 3-இல் பாஸ் விழும். 2, 4-இல் மாண்டலின் ‘சக்’ என்று வெட்டும். அந்த வெட்டுக்குப் பெயர் சாப்.

தனி வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடிப்பது, விரல் வைப்பது, ஒரு பிரேக்கை (பாட்டின் நடுவே ஒருவர் முன்னே வந்து வாசிக்கும் பகுதி) சுத்தமாக வாசிப்பது எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. ஆனால் சாப் என்பது இன்னொருவரின் பாஸ் அடிகளுக்கு நடுவில் போய் உட்காரும் வேலை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை வைத்துக்கொண்டு அதைப் பாதிதான் கற்க முடியும்.

ஜாம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். செலவில்லை. வட்டமாக நிற்பார்கள், ஒருவர் பாட்டையும் கட்டையையும் சொல்வார், பிரேக் ஒவ்வொருவராகச் சுற்றி வரும், பாட்டைத் தொடங்கியவர் காலைத் தூக்கினால் முடிக்கப் போகிறார் என்று அர்த்தம். ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலியில் நடக்கும் தந்தையர் தின விழாவுக்குப் போனால், மேடைக் கச்சேரி முடிந்த பிறகும் கூடாரங்களுக்கு நடுவே நள்ளிரவு தாண்டி ஜாம் ஓடும். தெரியாத பாட்டு வந்தால் கிட்டார்காரரின் இடது கையைப் பார்த்தே கூட வாசிக்க நான் பழகியது அப்படிப்பட்ட வட்டங்களில்தான். துணிச்சலும் பாட்டுச் சேகரமும் வேண்டுமென்றால் ஜாமுக்கு ஈடு இல்லை.

ஆனால் ஜாம் நிற்காது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது அந்த ஒரே விஷயம்தான். வட்டத்தில் தப்பு நடந்தால் பாட்டு அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

குழுவில் இரண்டாம் வாரம், பாஞ்சோ பிரேக்கின் நடுவில் பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். பாட்டு வேகம் கூடி ஓடிவிடுகிறது என்றார். பாஞ்சோவை ஓய்வில் வைத்தார், அப்புறம் ஃபிடில், அப்புறம் கிட்டார். மிஞ்சியது பாஸும் நானும். ஓடியது நான்தான். என் வலது கையைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து இடது கையைப் பார்த்தார். ஜி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சாப்பாக வெட்ட நான்கு விரலும் வேண்டும்: தடித்த தந்தியிலிருந்து 7, 5, 2, 3-ஆம் கட்டங்கள். பிக் தந்தியைத் தாண்டியதுமே பிடியைத் தளர்த்த வேண்டும், ஆனால் விரல் தந்தியை விட்டு எழக் கூடாது. நான் தளர்த்துவதில் தாமதம். ஒலி இழுபடும், அதைச் சரிக்கட்ட அடுத்த அடிக்கு வலது கை முந்திக்கொள்ளும். நாற்பது நிமிடம் அந்த ஒரே பாட்டில் போனது. மற்ற மூவரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அடுத்த வாரம் ஃபிடில்காரருக்காக நான் காத்திருந்தேன். ஒன்றரை ஆண்டு ஜாமில் இந்தத் தப்பு என்னோடு கூடவே வந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

குரல் விஷயமும் அப்படித்தான். ஜாமில் லீடுக்கு (முக்கிய மெட்டைப் பாடும் குரல்) மேலே டெனர் என்ற உயர்ந்த குரலைப் பாட யாராவது கிடைப்பார்கள். லீடுக்குக் கீழே வரும் பாரிடோன் குரலைத் தனியாகப் பாடினால் மெட்டு மாதிரியே இருக்காது, அதனால் யாரும் தொடுவதில்லை. குழுவில் அது என் பங்காக வந்தது. பயிற்சியாளர் வரி வரியாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்.

குறைகளும் உண்டு. பத்து வாரத்தில் ஐந்தே பாட்டு. ஜாமில் அது ஒரு மணி நேரக் கணக்கு. பாட்டுத் தேர்வில் பயிற்சியாளரின் ரசனை ஓங்கி நிற்கும். ஒருவர் வராவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். எங்கள் பாஸ்காரர் இரண்டு வாரம் வரவில்லை, பயிற்சியாளரே பாஸை எடுத்துக்கொண்டார், ஆனால் வாசித்துக்கொண்டே எங்களைக் கவனிக்க அவரால் முடியவில்லை. சேருமுன் பாஸுக்கு ஆள் இருக்கிறதா, தரம் பார்த்துத்தான் ஆட்களைச் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து, பாட்டை எத்தனை முறை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

இதெல்லாம் மாண்டலின்காரரின் பார்வை. எங்கள் பாஞ்சோக்காரருக்குத் தனி வகுப்பில்தான் அதிகப் பலன் கிடைத்ததாம். அவர் கணக்கு வேறாக இருக்கலாம். நண்பர்களே சேர்ந்து பயிற்சியாளர் இல்லாமல் நடத்தும் குழுவில் நான்கு முறைதான் வாசித்திருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஜாமுக்கு இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன். முன்பெல்லாம் கிட்டார்காரரின் கை தெரியும் இடமாகப் பார்த்து நிற்பேன். இப்போது நேராகப் பாஸ்காரரின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.