ஐஎன்-12-ஆ, ஐஎன்-14-ஆ? முதல் நிக்ஸி கடிகாரத்துக்கு எந்தக் குழாய்?

கண்ணாடிக் குழாய்களுக்குள் எண்கள் ஒளிர்ந்து நேரம் காட்டும் நிக்ஸி கடிகாரம் கட்டலாம் என்று இறங்குகிறவர்கள் கடைசியில் பெரும்பாலும் இந்த இரண்டு குழாய்களில் ஒன்றைத்தான் வாங்குகிறார்கள். இரண்டுமே சோவியத் காலத்துச் சரக்கு. அன்று பயன்படாமல் கிடங்கில் தங்கியவை இன்றும் விற்பனைக்கு வருகின்றன. இரண்டிலும் எண்ணின் உயரம் 18 மி.மீ. எரியத் தொடங்க இரண்டுக்கும் சுமார் 170 வோல்ட் வேண்டும், மின்னோட்டம் 2.5 மில்லி ஆம்பியர் போதும். 5 என்ற எண்ணுக்கு 2-ஐத் தலைகீழாக வைத்திருப்பதில்கூட இரண்டும் ஒன்றுதான். அப்படியும் முதல் கடிகாரத்துக்கு எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஐஎன்-12 என்பேன்.

முதலில் அழகைப் பேசிவிடலாம், ஏனென்றால் அதில் ஐஎன்-14 ஜெயிக்கிறது. 1955-இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த நிக்ஸியின் அமைப்புதான் இவற்றிலும். எண் வடிவத்தில் வெட்டிய பத்து மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். எந்த எண்ணுக்கு மின்சாரம் போகிறதோ, அந்த உலோகத்தைச் சுற்றி நியான் வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதனால் எண் மாறும்போதெல்லாம் ஒளி கொஞ்சம் முன்னே வரும், கொஞ்சம் பின்னே போகும். ஐஎன்-14 நிமிர்ந்து நிற்கும் குழாய், எண் பக்கவாட்டில் தெரியும். மேசையில் வைத்தால் உள்ளே இருக்கும் வேலைப்பாடு முழுவதும் கண்ணாடி வழியே நம்மைப் பார்த்தபடி இருக்கும். ஐஎன்-12-இல் எண் குழாயின் தலைப்பக்கம் தெரியும். எனவே பலகையை நிமிர்த்தி நிறுத்தி, முன்னால் துளையிட்ட பெட்டி செய்யவேண்டும். இல்லையென்றால் படுக்க வைத்து மேலிருந்து எட்டிப் பார்க்கவேண்டும்.

சரி, அப்புறம் ஏன் ஐஎன்-12? சாக்கெட்டுக்காக.

ஐஎன்-14-இன் அடியில் 13 மெல்லிய கம்பிகள் தொங்கும். ஒவ்வொன்றையும் அதனதன் துளையில் கோத்து, குழாயை நேராக நிறுத்திச் சால்டர் செய்யவேண்டும். ஆறு குழாய் வைத்த கடிகாரம் என்றால் 78 இணைப்புகள். நடுவில் ஒன்று பழுதானால் 13 கம்பிகளையும் விடுவிக்கும்போது கண்ணாடி அடிப்பகுதியில் விரிசல் விழும் ஆபத்து உண்டு. ஐஎன்-12-க்கு உறுதியான ஊசிகள். நேராக அழுத்தினால் சாக்கெட்டில் உட்காரும், நேராக இழுத்தால் வந்துவிடும். சாய்த்து அசைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பழுது வந்தால்தானே இந்தப் பேச்சு என்று நினைக்கவேண்டாம். நீண்ட நேரம் எரியாத எண்கள் மங்குவது நிக்ஸியின் இயல்பான நோய். எரியும் எண்ணிலிருந்து தெறிக்கும் உலோகத் துகள், எரியாத எண்களின் மேல் படலமாகப் படியும். பிறகு அவற்றை ஏற்றினால் பாதி எண்தான் ஒளிரும். கடிகாரத்தில் இது நடந்தே தீரும். நிமிடத்தின் பத்துகள் இடத்தில் 6, 7, 8, 9 வருவதே இல்லை. 24 மணி முறையில் மணியின் பத்துகள் இடத்தில் 0, 1, 2 மட்டும்தான். தினமும் சில நிமிடம் எல்லா எண்களையும் ஓடவிடும் வசதி மென்பொருளில் இருந்தால் இதைத் தள்ளிப்போடலாம், இரண்டு குழாய்க்கும் அது அவசியம். சாக்கெட் இருந்தால் இன்னொரு வழியும் கிடைக்கிறது: சோர்ந்த குழாயைக் கழற்றி வினாடியின் ஒன்றுகள் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே பத்து எண்களும் சமமாக எரிவதால் லேசான படலம் நாளடைவில் தெளிந்துவிடும். பல வருடம் ஓடவேண்டிய பொருளுக்கு இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரியவில்லை. விலையும் பொதுவாக ஐஎன்-12-க்குத்தான் குறைவு.

மின்சுற்றில் பெரிய வித்தியாசம் கிடையாது. 12 வோல்ட் அடாப்டர், அதை 180 வோல்ட் ஆக்கும் மாற்றி (கன்வர்ட்டர்), எண்ணைத் தேர்ந்தெடுக்க கே155ஐடி1 சிப். குழாய் எரியும்போது சுமார் 140 வோல்ட் அதிலேயே நிற்கும். மீதி 40 வோல்ட்டை 2.5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 16 கிலோ ஓம். அதுதான் ஆனோடுக்கு, அதாவது குழாயின் நேர்மின் முனைக்கு, போடவேண்டிய ரெசிஸ்டர். அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அந்த 180 வோல்ட் கொஞ்ச நேரம் தங்கும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

நேரத்துக்கு டிஎஸ்3231 சிப் போதும். அதன் பிழை வருடத்துக்கு ஒரு நிமிடத்தைப் போல; பொத்தான் பேட்டரி இருந்தால் கரண்ட் போனாலும் நேரம் தொலையாது. ஜிபிஎஸ் அல்லது வைஃபை வழியாக நேரம் எடுக்கும் கிட் வாங்கினால், உலகப் பொது நேரத்திலிருந்து (யுடிசி) இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வேண்டிய 5:30 மணி வித்தியாசத்தை வைக்க முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். முழு மணியாக மட்டும் மாற்றும் மென்பொருள் நமக்கு உதவாது.

கைப்பழக்கம் வந்த பிறகு, அல்லது அந்த நிமிர்ந்த தோற்றத்துக்காகவே, ஐஎன்-14 வாங்குங்கள். வாங்கினால் கூடுதலாக இரண்டு எடுத்து வையுங்கள். சால்டர் வைக்கும் முன்பே ஒவ்வொரு குழாயிலும் பத்து எண்களையும் தனித்தனியாக ஏற்றி, ஒளி எண் முழுவதும் பரவுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.