முக்திநாத் பேக்கேஜ்: சாப்பாட்டுக்கு முழு மார்க், நாள் கணக்குக்கு இல்லை

கோவை, திருப்பூர், ஈரோட்டில் விற்கும் நேபாள யாத்திரை நோட்டீஸ் எல்லாம் ஒரே அச்சுதான்: காத்மாண்டு, பசுபதிநாதர், போக்ரா, முக்திநாத். 108 திவ்யதேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று கொண்டாடப்படுவதால் பெருமாள் பக்தர்கள் முக்திநாத்துக்காகவே பணம் கட்டுகிறார்கள். கட்டுமுன் நோட்டீஸில் தேட வேண்டியது ஒன்றுதான்: போக்ராவில் எத்தனை ராத்திரி?

போக்ராவிலிருந்து, முக்திநாத் போகும் வழியில் இருக்கும் ஜோம்சோமுக்கு 20 நிமிஷப் பயணம். சின்ன விமானம், காலையில் மட்டும்தான் பறக்கும். பொழுது ஏற ஏறக் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். காலையில் மேகம் விலகாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு நாள் கூடுதலாக வைக்காத பேக்கேஜில், முக்திநாத்தை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்; இல்லையென்றால் பேனி வழியாக நாள் முழுக்க ஜீப்பில் குலுங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் மண்சரிவு வேறு. விமானம் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்புமா, ஜீப் வாடகை யார் தலையில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்பது பதில் ஆகாது.

சாப்பாட்டில் நம்மூர்க்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது, சமையல்காரர் அனுபவசாலியாக இருந்தால். முக்திநாத் 3,700 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த போசியில் சோறு வேக ரொம்ப நேரம் பிடிக்கும், துவரம்பருப்பு லேசில் மசியாது. விஷயம் தெரிந்தவர் பெரிய குக்கரோடு வருவார். சின்ன வெங்காயமும் சீரகமும் தாளித்த அரிசிம்பருப்பு சாதம் அதிலேயே ஆகிவிடும். கேஸ் சிலிண்டர் விமானத்தில் ஏறாது என்பதால் சாமானெல்லாம் முந்தின நாளே ஜீப்பில் போயிருக்க வேண்டும். குளிரில் இட்லி மாவு பொங்காது. அங்கே காலை டிபன் ரவை உப்புமா என்பவரை நம்பலாம். இட்லி என்பவர் மேலே சமைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

போக்ரா 800 மீட்டர் சொச்சம். அங்கே வெள்ளென எழுந்து மதியத்துக்குள் கோயில் என்றால் தலைவலியும் வாந்தியும் கூடவே வரும். ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்க வைப்பதே நல்ல பேக்கேஜ். நடை தள்ளாடினால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்கு ஏற்றம், குதிரை கிடைக்கும். கோயிலில் வரிசையாகக் கொட்டும் 108 தாரைத் தண்ணீர் எலும்பு வரை குத்தும். வயசானவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

பணக்கணக்கு சுலபம்: நம் 100 ரூபாய்க்கு நேபாளக் காசு 160. அடையாளச் சான்றில்தான் பலர் மாட்டுகிறார்கள். விமானத்தில் நேபாளம் போக 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதார் செல்லாது. டெல்லி வரை தனி டிக்கெட் என்றால் கோவையில் ஆதாரைக் காட்டி ஏறிவிடலாம். டெல்லியில் காத்மாண்டு கவுண்டரில்தான் நிறுத்துவார்கள்.